காலித் தொட்டியில் மூன்று மாதம்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. அதைத் தேய்த்துக் கழுவினோம். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு முழுக்க வாளியில் ஆறவிட்டு ஊற்றினோம். கூழாங்கற்களைக்கூட வெந்நீரில் அலசித்தான் போட்டோம். பிறகு நான்கு தங்கமீன்களை விட்டோம். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. ஏழாம் நாள் தொட்டி காலி. மீன் விற்றவரிடம் போய் முறையிட்டால், "தண்ணி இன்னும் சேரலை தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பக்கத்துத் தெருக் கோயில் குளத்திலோ பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் கெண்டைகள் பொரியைத் தின்று கொழுத்துத் திரிந்தன. பளிங்கு போன்ற தண்ணீரில் மீன் சாகிறது, கலங்கிய குளத்தில் வாழ்கிறது. இது என்ன நியாயம்?

பல வருடம் மறந்து கிடந்த இந்தக் கேள்வியை மறுபடி கிளறிவிட்டது ஒரு பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். அமெரிக்காவில் சிலர் ஆக்டோபஸை வீட்டில் வளர்க்கிறார்கள். அவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரையைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. தொட்டி வாங்கு, உப்புநீர் நிரப்பு, பாறைகளை அடுக்கு, எல்லா இயந்திரங்களையும் ஓடவிடு. அதன்பின் மூன்று மாதம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார். இடையில் ஆக்டோபஸ் என்ற பேச்சே கூடாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மீனவர்கள் கணவாயில் மூன்று சொல்வார்கள். ஊசிபோல நீண்ட உடலுள்ளது ஊசிக் கணவாய். முதுகுக்குள் வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக் கணவாய். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது அந்த ஓட்டைத்தான். உள்ளே ஓடும் இல்லாமல், எலும்பும் இல்லாமல், எட்டுக் கைகளோடு எந்தச் சந்திலும் நுழைந்து மறைவது பேய்க்கணவாய். உடற்கூறு படித்தவர்கள் வைத்த பெயர்போலவே பொருத்தமாக இருக்கிறது.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது என்று வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்வது கலிபோர்னியாவின் இரட்டைப்புள்ளி ஆக்டோபஸை. அறிவியல் பெயர் ஆக்டோபஸ் பைமாகுலாய்டிஸ். கைகளை விட்டுவிட்டால் உடல் ஒரு சாணுக்கும் குறைவு. உண்மைக் கண்களுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நீல வளையமிட்ட பொய்க்கண் இருக்கும். ஆனால் வளர்ப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த அழகு காரணமல்ல, முட்டைதான் காரணம். பல ஆக்டோபஸ் இனங்கள் எள்ளளவு முட்டைகளை லட்சக்கணக்கில் இடும். பொரிந்த குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து திரிந்தால்தான் தரையில் இறங்கும் பருவம் வரும். தொட்டியில் அவற்றைப் பிழைக்கவைப்பது ஆய்வகங்களுக்கே பெரும்பாடு. இரட்டைப்புள்ளியோ வேர்க்கடலைப் பருப்பளவு முட்டைகளைச் சில நூறு மட்டும் இடுகிறது. குஞ்சு வெளியே வந்த உடனே தரையில் நடந்து இரை தேடும். அதனால் இதை ஆய்வகத்தில் பிறக்கவைத்து வளர்க்க முடிகிறது. ஆக்டோபஸ் இனங்களில் முதன்முதலாக, 2015இல், முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான்.

இன்னொரு நீல வளையமும் உண்டு. மேற்குப் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வாழும் நீலவளைய ஆக்டோபஸ் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் கடியில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் ஆளின் மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்கும்வரை செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்றினால்தான் உண்டு. அழகாயிருக்கிறதே என்று இதையும் விலைக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி காலித் தொட்டிக்கு வருவோம்.

ஆக்டோபஸின் சமையலில் அரிசிக்கு இடமில்லை, எண்ணெய்க்கும் ஏறக்குறைய இடமில்லை. நண்டு, இறால், சிப்பி, மறுபடியும் நண்டு. உடல் வளர்வதும் புரதத்தில், அடுப்பு எரிவதும் புரதத்தில். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுவதுபோலப் புரதம் எரிந்தால் நைட்ரஜன் மிஞ்சும். நாம் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். கடல்வாழ் உயிர்கள் பலவும் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை, அம்மோனியாவாகவே நீரில் விட்டுவிடுகின்றன. பழைய கழிப்பறையில் மூக்கைத் துளைக்குமே, அதே அம்மோனியா. கடல் பெரியது, கண நேரத்தில் கரைந்து போகும். 200 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? விட்ட பிராணியே அதில் மூழ்கிச் சாகும். என் தங்கமீன்கள் செத்தது அழுக்கால் அல்ல, அவை தாமே வெளியேற்றிய கழிவால்.

கோயில் குளத்தில் அம்மோனியாவை யார் அள்ளினார்கள்? இதற்கு விடை கிடைத்த கதை சாக்கடையில் தொடங்குகிறது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ஸ் என்ற இரு வேதியியலர்கள் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, மேலிருந்து கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். மேலே ஊற்றிய அம்மோனியா சுமார் 20 நாள் வரை அப்படியே கீழே வந்தது. மணல் ஒன்றும் செய்யவில்லை. அதன்பின் தானாகவே அம்மோனியா குறைந்தது, அதற்குப் பதில் நைட்ரேட் வந்தது. மணல் மட்டும் செய்யும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். 20 நாள் ஏன் காத்திருக்கிறது? ஏதோ ஒன்று உள்ளே வளர்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். குழாய்க்குள் குளோரோஃபாம் ஆவியை விட்டார்கள். நைட்ரேட் நின்றது. ஆவி போன பிறகும் அது திரும்பவில்லை. தோட்ட மண்ணைக் கழுவிய நீரை ஊற்றிய பிறகுதான் மெல்லத் திரும்பியது. மயக்க மருந்தில் அடங்கி, மண்ணிலிருந்து மறுபடி முளைப்பது என்றால் அது உயிராகத்தான் இருக்க வேண்டும்.

யாரும் அந்த உயிரைப் பிடித்துக் காட்டவில்லை. நுண்ணுயிர்களை எல்லாரும் சத்தான கூழில் வளர்த்துப் பார்த்தார்கள். இவை அதில் வளரவில்லை. 1890இல் சூரிக்கில் இருந்த ரஷ்யர் செர்கேய் வினோகிராத்ஸ்கி கூழைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் உப்புகளும் அம்மோனியாவும் கலந்த தண்ணீரை வைத்தார். அதில் வளர்ந்தன. இவற்றுக்கு அம்மோனியாவே அடுப்பு விறகு. உடலுக்கு வேண்டிய கரியைக் கரியமில வாயுவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. வேலையும் இரண்டு கையில் நடப்பதைக் கண்டார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், அது எவ்வளவோ சாது. இந்தப் பட்டாளத்தை 'நைட்ரேட்டாக்கிகள்' என்று வைத்துக்கொள்வோம்.

பாலில் உறை ஊற்றினால் தயிராவதுபோலத்தான் தொட்டியும். கடல் பாறையில் ஏற்கெனவே இந்த உயிர்கள் ஒட்டியிருக்கும். 'உயிர்ப்பாறை' என்று விற்கும் அதைத் தொட்டியில் வைப்பது உறை ஊற்றுவதற்குச் சமம். ஆனால் தயிர் ஓர் இரவில் தோய்ந்துவிடுகிறது, தொட்டிக்கு வாரக்கணக்கு ஏன்? தயிர்க் கிருமிகளுக்குப் பால் ஒரு விருந்து, பெருகிக்கொண்டே போகும். அம்மோனியாவை எரித்தால் கிடைக்கும் சூடு அற்பம். அதனால் ஒரு நைட்ரேட்டாக்கி இரண்டாவதற்கு ஒரு நாள்கூட ஆகிவிடும். வளர்ப்பவர்கள் சொட்டு மருந்துப் பரிசோதனையில் தினமும் பார்ப்பார்கள். முதலில் அம்மோனியா அலைபோல ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் அலை ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமானால் தண்ணீர் 'சேர்ந்துவிட்டது'. மீன் விற்றவர் வேதியியல் படிக்காமலே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஏன் மூன்று மாதம்? நைட்ரேட்டாக்கிகள் கிடைக்கும் தீனிக்கு அளவாகத்தான் பெருகும். நான்கு மீனுக்குச் சேர்ந்த தண்ணீர் ஆக்டோபஸுக்குப் போதாது. அது தின்பதும் அதிகம், வளர்வதும் வேகம். நண்டைப் பிய்த்துப் பாதியை மூலையில் விட்டுவிடும் பழக்கமும் உண்டு. எனவே வராத விருந்தாளிக்குச் சமைப்பதுபோல, காலித் தொட்டியில் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, அதில் வரும் அம்மோனியாவில் பட்டாளத்தைப் பெருக்குகிறார்கள். கூடவே நுரைவடிப்பான் ஒன்றும் ஓடும். கடற்கரையில் அலை நுரையை ஒதுக்குவது போன்ற வேலைதான். கீழிருந்து பொடிக் குமிழிகளை விட்டால், கரைந்த புரதக் கசடு குமிழியின் தோலில் ஒட்டி மேலே வந்துவிடும், வழித்துக் கொட்டிவிடலாம். ஆக்டோபஸ் மிரண்டு மையைக் கக்கும் நாளில் இதுதான் கைகொடுக்கும். கடலில் மை ஒரு புகைத்திரை. மூடிய தொட்டியில் அது கக்கியவரின் செவுள்மேலேயே படியும்.

உப்புக் கணக்கு எளிது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு 7 கிலோ. ஆனால் சமையல் உப்பு உதவாது. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலின் விகிதத்தில் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை. குழம்பு வற்ற வற்றக் கரிப்பதுபோலத் தொட்டியும் கரிக்கும். குறைந்த அளவுக்கு உப்புநீரை ஊற்றினால் இன்னும் கரிக்கும், நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மீன்கள் தம் உடல் உப்பைத் தாமே ஓர் அளவில் வைத்துக்கொள்ளும். ஆக்டோபஸுக்கு அந்த வித்தை தெரியாது. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவு. கழிமுகத்து உவர்நீரில் பேய்க்கணவாய் வசிக்காததும் இதனால்தான்.

இனி என்னை அதிகம் குழப்பிய விஷயம்.

கடல்மீன்களுக்கு உடலெங்கும் வெண்புள்ளி போடும் ஒட்டுண்ணி நோய் வந்தால் செம்பு மருந்து விடுவார்கள். நம் ஊர்த் தோட்டக்காரர்கள் தெளிக்கும் மயில்துத்தத்தின் உறவுதான் அது. அளவு லிட்டருக்குக் கால் மில்லிகிராமுக்கும் குறைவு. 200 லிட்டருக்கு ஒரு சிட்டிகையில் சிறு பங்கு. மீன் தாங்கிக்கொள்ளும், ஒட்டுண்ணி சாகும், ஆக்டோபஸ் இருந்தால் அதுவும் சாகும். செம்பு மருந்து ஒருமுறை விட்ட பழைய தொட்டியையும் அதன் பாறையையும் ஆக்டோபஸுக்கு வாங்கவே கூடாது என்பார்கள். சுண்ணாம்புப் பாறை செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

இதில் குழப்பம் என்னவென்றால், ஆக்டோபஸின் ரத்தமே செம்பில்தான் ஓடுகிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு. அதன் ரத்தத்தில் சுமப்பது ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம். இரண்டு செம்பு அணுக்கள் எதிரெதிரே நின்று நடுவில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நீலம், விட்டுவிட்டால் நிறமில்லை. நீல ரத்தம் என்று சொல்வது இதைத்தான். உடம்பு முழுக்கச் செம்பை வைத்துக்கொண்டு வாழும் பிராணி, நீரில் துளிச் செம்பு கலந்தால் ஏன் சாகிறது?

மின்சாரத்தை நினைத்துப் பாருங்கள். உறை போட்ட கம்பிக்குள் ஓடும்போது வீட்டுக்கு விளக்கேற்றுகிறது. மழை நாளில் அறுந்து தெருவில் கிடந்தால் மாட்டைக் கொல்கிறது. ஹீமோசயனினுக்குள் இருக்கும் செம்பைப் புரதம் ஆறு பக்கமும் இறுகப் பற்றி வைத்திருக்கிறது. அது வேறெங்கும் போகாது, வேறெதையும் தொடாது. நீரில் கரைந்த செம்பு கட்டற்றது. எந்தப் புரதம் அகப்பட்டாலும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் அந்தப் புரதத்தின் வேலையைக் கெடுக்கும். முதலில் அகப்படுவது செவுள். ஆக்டோபஸுக்குச் செதிலும் இல்லை, தோல் முழுக்கத் திறந்த வாசல். தனக்கு வேண்டிய செம்பை அது தண்ணீரிலிருந்து எடுப்பதைவிட வாய்வழியாக வாங்குவதே பாதுகாப்பு. தின்னும் நண்டின் ரத்தமும் செம்பு ரத்தம்தான். கட்டிப் பொதிந்த சரக்காக வந்து சேர்கிறது.

ஹீமோசயனினுக்கு ஒரு குறையும் உண்டு. நம் ஹீமோகுளோபின் சிவப்பணு என்ற பைக்குள் அடைபட்டு வருகிறது. இது ரத்தத்தில் நேராகக் கரைந்து கிடக்கிறது, சுமக்கும் திறனும் குறைவு. நிறையக் கரைத்தால் ரத்தம் கஞ்சிபோலக் கெட்டிப்படும். கஞ்சியைத் தள்ள ஒரு பம்பு போதாது. ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று. செவுளுக்கு ஒன்றாக இரண்டு, உடம்புக்கு ஒன்று. உடம்புக்கான இதயம் ஆக்டோபஸ் நீரைப் பீய்ச்சி நீந்தும்போது நின்று விடுகிறது. நீந்தினால் சீக்கிரம் களைத்துப் போய், தரையில் தவழ்வதையே அது விரும்புவதில் ஆச்சரியம் என்ன?

வெப்பநிலையும் இங்கேதான் நுழைகிறது. வெந்நீரில் ஆக்சிஜன் குறையும், உடம்பு கேட்பதோ கூடும். கலிபோர்னியாக் கரையோரத்துக் குளிர்நீர்ப் பிராணிக்கு 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர் வேண்டும். சென்னையில் மின்விசிறிக்குக் கீழே வைத்த தண்ணீர்கூட அந்தப் பக்கம் போவதில்லை. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் இதை நினைக்கவே முடியாது. ஆனால் ஆக்டோபஸ் குளிர் வெயிலுக்குப் பழகும் விதம் அலாதியானது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் இரட்டைப்புள்ளி ஆக்டோபஸ்களைச் சிலவற்றை 13 டிகிரியிலும் சிலவற்றை 22 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள். மரபணு என்பது மூல ஓலைச்சுவடி என்றால், செல் அதைப் படியெடுத்து, படியைப் பார்த்துத்தான் புரதம் செய்கிறது. அந்தப் படியின் பெயர் ஆர்என்ஏ. பெரும்பாலான விலங்குகள் படியில் அரிதாகவே கைவைக்கும். ஆக்டோபஸ் மூலத்தைத் தொடாமல் படியில் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுத்தைத் திருத்துகிறது. குளிரில் இருந்தவற்றில் திருத்தம் பெருகியிருந்தது, அதிலும் நரம்புப் புரதங்களில். குளிர் தொடங்கிய சில நாளுக்குள் இது நடந்துவிட்டது. பருவத்துக்கு ஒரு பதிப்பு.

தொட்டிக்கு மூடி போடுவது பற்றித்தான் ஆக்டோபஸ் கதைகளில் அதிகம் பேசுவார்கள், நான் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அதன் உடம்பில் உண்மையில் கெட்டியானது கிளியலகு போன்ற வாய் ஒன்றுதான். அலகு நுழையும் இடத்தில் ஆள் நுழையும். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரத்துத் தேசிய நீர்வாழ் காட்சியகத்தில் இங்கி என்ற ஆக்டோபஸ், லேசாகத் திறந்திருந்த மூடி வழியே இறங்கி, தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து, சுமார் 50 மீட்டர் குழாய்ப் பயணம் செய்து கடலுக்குப் போய்விட்டது. காட்சியகங்களில் தொட்டி விளிம்பில் செயற்கைப் புல்விரிப்பை ஒட்டுகிறார்கள். உறிஞ்சிகள் கண்ணாடியை இறுகப் பற்றும், புல்விரிப்பின் இழைகளுக்கு இடையே காற்று புகுந்து பிடி கழன்றுவிடும்.

அந்த உறிஞ்சிகளை வெறும் பிடி என்று நினைத்துவிட வேண்டாம். நாக்கும் அவையே. 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதே இரட்டைப்புள்ளியின் உறிஞ்சிகளில் தொட்டாலே சுவையறியும் உணர்விகளைக் கண்டார்கள். நீரில் கரையாமல் பொருளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சுவையைக்கூட அவை அறியும். பாறை இடுக்கில் கண் தெரியாத இடத்தில் கையை விட்டுத் துழாவும்போது, அகப்பட்டது கல்லா நண்டா என்று கையே சொல்லிவிடும். ஆக்டோபஸின் சுமார் 50 கோடி நரம்புச் செல்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. வளர்ப்பவர் தொட்டிக்குள் விரலை விட்டால் அது பிடித்துப் பார்ப்பதை அன்பு என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். நக்கிப் பார்க்கிறது என்பதுதான் எனக்கு உறுதி.

அறிவு இருப்பது எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த சான்று ஒரு தோற்றுப்போன சோதனை. 1959இல் பீட்டர் டியூஸ் என்பவர் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் ஆல்பர்ட், பெர்ட்ராம், சார்லஸ் என்ற மூன்று ஆக்டோபஸ்களுக்கு ஒரு நெம்புகோலை இழுத்தால் மீன் துண்டு கிடைக்கும் என்று பழக்கினார். ஆல்பர்ட்டும் பெர்ட்ராமும் ஒழுங்காக இழுத்துத் தின்றன. சார்லஸும் கற்றுக்கொண்டது. ஆனால் தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கைப் பிடித்து உள்ளே இழுத்தது, நெம்புகோலை உடைத்தது, சோதனை செய்தவர் பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சியது. சோதனை அதோடு முடிந்தது. அறிவியல் கட்டுரையின் வறண்ட நடையில் டியூஸ் இதையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறார். சியாட்டிலில் ஆண்டர்சன், மேதர் குழுவினர் 2010இல் வெளியிட்ட சோதனை இன்னும் ஒழுங்கானது. ஒரே சீருடை போட்ட இருவரில் ஒருவர் தினமும் தீனி போடுவார், மற்றவர் முள்குச்சியால் தொட்டு உறுத்துவார். இரண்டு வாரத்தில் ஆக்டோபஸ்கள் இருவரையும் அடையாளம் பிரித்துவிட்டன. தீனிக்காரரிடம் நெருங்கின, குச்சிக்காரரைக் கண்டு விலகின.

இப்படி ஒன்றை நான்கு கண்ணாடிச் சுவருக்குள் வைப்பது சரியா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். 2021இல் ராபின் குரூக் செய்த சோதனையில், தோலில் அமில ஊசி போட்ட அறையை ஆக்டோபஸ்கள் பிறகு தவிர்த்தன. காயத்துக்கு மரத்துப்போகும் மருந்து கொடுத்தபோது, அந்த மருந்து கிடைத்த அறையை நாடின. சுண்டி விலகுவது வெறும் அனிச்சை என்றால் இடத்தை நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கண்ணாடித் தொட்டி என்பதே இந்தக் குலத்துக்காகப் பிறந்தது.

ழான் வில்புரூ-பவர் பிரான்சின் ஒரு கிராமத்தில் 1794இல் பிறந்தவர். பாரிசில் தையல் வேலை செய்தவர், ஓர் இளவரசியின் கல்யாண உடையையும் தைத்திருக்கிறார். திருமணமாகிச் சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனவர், படிப்பு ஏதும் இல்லாமல் இயற்கை ஆராய்ச்சியில் இறங்கினார். அங்கே ஆர்கொனாட் என்ற ஆக்டோபஸ் உண்டு. பெண் ஆர்கொனாட் தாள்போல மெல்லிய வெண்சங்கு ஒன்றுக்குள் உட்கார்ந்து மிதக்கும். அந்தச் சங்கு சொந்தமா, துறவி நண்டுபோல வேறெதனிடமிருந்தோ கவர்ந்ததா என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வாதம். அரிஸ்டாட்டில் ஆக்டோபஸை மடப்பிராணி என்று எழுதியவர், மனிதன் கையை நீட்டினால் கிட்ட வந்துவிடுகிறதாம். பவர் வாதத்தில் சேரவில்லை. 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து கடல்நீரை ஊற்றி, உயிருள்ள ஆர்கொனாட்டை உள்ளே விட்டுப் பார்த்தார். சங்கில் ஒரு துண்டை உடைத்தார். ஆர்கொனாட் தன் அகன்ற இரு கைகளால் தடவித் தடவி உடைந்த இடத்தை அடைத்தது. சங்கு சொந்தம்தான். தையற்காரிக்குத் தோன்றக்கூடிய சோதனை அது. துணி யாருடையது என்று தெரிய வேண்டுமா, கிழித்துவிட்டு யார் தைக்கிறார்கள் என்று பார். அவருக்கு நைட்ரேட்டாக்கிகளும் வேண்டியிருக்கவில்லை, சில்லரும் வேண்டியிருக்கவில்லை. வாசலில் கடல் இருந்தது.

தண்ணீர் சேர்ந்து, மூடி இறுகி, நண்டு வாங்கக் கடை தெரிந்து, எல்லாம் ஒழுங்கானபின் எவ்வளவு காலம்? இரட்டைப்புள்ளியின் ஆயுள் ஒன்று முதல் இரண்டு வருடம். கடையில் வாங்கும்போதே பாதி போயிருக்கலாம். வாழை குலை தள்ளினால் முடிந்தது என்பதுபோல, பெண் ஆக்டோபஸ் முட்டையிட்டால் முடிந்தது. குகைச் சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டு, நீரை ஊதி, தடவித் துடைத்து, கண்ணும் கருத்துமாகக் காக்கும். தீனியைத் தொடாது. குஞ்சு பொரியும் சமயம் தாய் சாகும். ஆணும் இணைசேர்ந்த பின் தளர்ந்து போய்விடும். 'ஒருமுறை ஈனும் இயல்பு' என்று இதைச் சொல்லலாம்.

பட்டினியால் சாகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1977இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் வோடின்ஸ்கி, முட்டை காத்துக்கொண்டிருந்த கரீபிய ஆக்டோபஸ்களின் கண்களுக்கு இடையே இருக்கும் பார்வைச் சுரப்பிகள் இரண்டையும் அறுத்து எடுத்தார். தாய் முட்டைகளை விட்டு எழுந்தது. தின்றது. எடை கூடியது. விதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டி வாழ்ந்தது. அப்படியென்றால் பட்டினி காரணமல்ல, அதுவும் ஒரு விளைவு. உடம்புக்குள்ளிருந்தே ஒரு கட்டளை வருகிறது. அது என்ன கட்டளை என்று 2022இல் யான் வாங்கும் சக ஆய்வாளர்களும் இரட்டைப்புள்ளியில் பார்த்தார்கள். இணைசேர்ந்த பின் அந்தச் சுரப்பி கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலைக் கையாளும் விதத்தை மாற்றிக்கொள்கிறது. 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் பெருகுகிறது. மனிதக் குழந்தைகளில் ஒரு பிறவி நோயில் இதே பொருள் மிகும், அந்தக் குழந்தைகளில் சிலர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வார்கள். தொட்டியில் அடைகாக்கும் ஆக்டோபஸ்கள் கடைசி நாட்களில் கண்ணாடியில் மோதுவதையும், தம் கைநுனியைத் தாமே தின்பதையும் வளர்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். தொட்டி பிடிக்காமல் செய்கிறது என்று பலர் தம்மை நொந்துகொள்வதுண்டு. விதிவிலக்கும் உண்டு. பசிபிக்கின் சின்ன வரி ஆக்டோபஸ் ஒன்று, பலமுறை முட்டையிட்டும் உயிரோடிருக்கிறது. ஆய்வகங்கள் இப்போது அதை ஆசையோடு வளர்க்கின்றன.

முட்டைகள் கருவுற்றிருந்தால் தொட்டியில் திடீரென்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள். ஒன்றையொன்று தின்னும், ஒவ்வொன்றையும் தனிப் பாத்திரத்தில் பிரிக்க வேண்டும். வீட்டுக்காரர் அலமாரியெல்லாம் ஜாடியாக வைத்துக்கொண்டு திண்டாடுவார். பெரும்பாலும் முட்டைகள் வெறும் முட்டைகள். தாய் அவற்றையும் அதே கவனத்தோடுதான் ஊதித் துடைக்கிறது.

ஒரு நாள் தொட்டியில் அசைவிருக்காது. உடலை உடனே எடுத்துவிட வேண்டும், அழுகினால் தண்ணீர் கெடும். நுரைவடிப்பானை ஓடவிட வேண்டும். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். நைட்ரேட்டாக்கிகள் கோடிக்கணக்கில் பாறையிலும் மணலிலும் தீனிக்குக் காத்திருக்கின்றன. அம்மோனியா வராவிட்டால் வாரக்கணக்கில் அவையும் சுருங்கிப் போகும். மறுபடி ஒன்றை வளர்க்கிற உத்தேசம் இருக்கிறதோ இல்லையோ, வாரம் இருமுறை அந்தக் காலித் தொட்டியில் ஓர் இறால் துண்டைப் போடுகிறார்கள்.